கலிஃபோர்னியாவில் ஸ்கூல் போர்டு தேர்தல்: வேட்பாளரின் வாக்குறுதியை எடைபோடுவது எப்படி?

இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பர் தேர்தலில் அதிபர், செனட்டர், ஆளுநர் எல்லாம் முடிந்து, வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில், உள்ளூர் அரசுப் பள்ளிகளை மேற்பார்க்கும் ஸ்கூல் போர்டுக்கான வேட்பாளர்களின் பெயர்கள் வரும். கட்சிப் பெயர் இருக்காது. பெயருக்கு அடியில் 'பெற்றோர்/பொறியாளர்' என்பதுபோல மூன்று சொல்லுக்கு மிகாத ஒரு தொழில் விவரம் மட்டும். நிறையப் பேர் இந்த இடத்தை வெறுமனே விட்டு உறையை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

படித்துப் பார்த்து ஓட்டுப் போட நினைப்பவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா வேட்பாளர்களின் துண்டறிக்கையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்போம், நல்ல ஆசிரியர்களைத் தக்கவைப்போம், எந்தப் பள்ளியையும் மூட விடமாட்டோம், கணிதத்தைப் பலப்படுத்துவோம், பிள்ளைகளின் மனநலத்தைக் காப்போம். இவற்றில் எதை யார் மறுக்கப்போகிறார்கள்? அடுத்த கேள்வியைக் கேட்கும்போதுதான் வேட்பாளர்களுக்குள் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். இது போர்டின் அதிகாரத்துக்குள் வருகிறதா? வருமென்றால், எந்தப் பணத்தில்? அதற்கு மற்ற உறுப்பினர்களின் ஓட்டு எங்கிருந்து வரும்?

போர்டின் கையில் இருப்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது நகராட்சியின் துறை அல்ல, தனி அரசு அமைப்பு; அதன் தலைமைக் குழுதான் போர்டு. மேயருக்கும் அதற்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. நகர எல்லையும் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஃப்ரீமான்ட் யூனியன் ஹை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று ஒன்று இருக்கிறது. அது ஃப்ரீமான்ட் நகரில் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் எதிர்க்கரையில், சன்னிவேல், கூப்பர்ட்டினோ பகுதியில் இருக்கிறது. ஃப்ரீமான்ட் நகரத்துக்கானது ஃப்ரீமான்ட் யூனிஃபைடு. 'யூனிஃபைடு' என்றால் தொடக்கப் பள்ளி முதல் 12ஆம் வகுப்புவரை ஒரே போர்டு. கூப்பர்ட்டினோவில் உள்ளதுபோல 8ஆம் வகுப்புவரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஹை ஸ்கூலுக்கு இன்னொரு டிஸ்ட்ரிக்ட் என்றால், ஒரே வீட்டுக்கு இரண்டு போர்டு, இரண்டு தேர்தல், இரண்டு பட்ஜெட். ஹை ஸ்கூல் போர்டுக்கு நிற்பவரிடம் தொடக்கப் பள்ளி எல்லையைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை. சீட்டைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெரும்பாலான போர்டுகளில் ஐந்து பேர், சிலவற்றில் ஏழு பேர். பதவிக்காலம் 4 ஆண்டுகள். பாதிப் பேர் ஒரு தேர்தலிலும் மீதிப் பேர் அடுத்த தேர்தலிலும் வருவார்கள். முன்பெல்லாம் டிஸ்ட்ரிக்ட் முழுக்க ஓட்டுப் போட்டு எல்லாரையும் தேர்ந்தெடுத்தார்கள். மாநில வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும் என்ற அழுத்தத்தில் பல டிஸ்ட்ரிக்டுகள் இப்போது ட்ரஸ்டீ ஏரியா என்ற வட்டார முறைக்கு மாறிவிட்டன. ஆகவே உங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு தேர்தல் இல்லாமலும் இருக்கலாம். பக்கத்துத் தெருக்காரருக்கு வந்த சீட்டில் இருக்கும் பெயர் உங்கள் சீட்டில் இல்லையே என்று பதற வேண்டாம்.

போர்டின் முக்கிய வேலைகளை விரல்விட்டு எண்ணலாம். டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டெண்டை நியமிப்பது, வேண்டாமென்றால் அனுப்புவது. ஆண்டு பட்ஜெட்டுக்கு ஒப்புதல். ஊழியர் சங்கங்களோடு போடும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல். டிஸ்ட்ரிக்டின் விதிகளை வகுப்பது. பள்ளி எல்லைகள், பாடப்புத்தகத் தேர்வு, சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) மனுக்கள், மாணவரைப் பள்ளியிலிருந்து விலக்கும் முடிவு ஆகியவையும் போர்டின் முன்பு வரும். ஒரு குறிப்பிட்ட ஆசிரியரை மாற்றுவது, ஒரு பிள்ளையை வேறு வகுப்பில் போடுவது, பிரின்சிபாலுக்கு உத்தரவு போடுவது எல்லாம் உறுப்பினரின் வேலை அல்ல. தனி உறுப்பினருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. ஐவர் போர்டில் மூன்று ஓட்டுச் சேர்ந்தால்தான் எதுவும் நடக்கும். "உங்கள் பிரின்சிபாலிடம் நானே பேசி முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் வேட்பாளருக்கு வேலையே புரியவில்லை என்று பொருள்.

அந்த மூன்று ஓட்டைச் சேர்ப்பதற்கும் விதி இருக்கிறது. 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே போர்டு விஷயத்தைப் பேசி முடிவுக்கு வரக்கூடாது. ஒருவர் இரண்டாமவரிடம், அவர் மூன்றாமவரிடம் என்று சங்கிலியாகப் பேசுவதும் கூடாது. மூன்று உறுப்பினர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பட்ஜெட்டைப் பற்றிப் பேசினால் சட்டமீறல். ஒரு உறுப்பினரின் சமூக ஊடகப் பதிவுக்கு இன்னொருவர் லைக் போடுவதைக்கூட 2021இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தடுத்தது.

இந்தச் சட்டத்தால் பார்வையாளர்களுக்கு ஒரு தவறான எண்ணம் ஏற்படுவதுண்டு. கூட்டத்தில் எழுந்து இரண்டு நிமிடம் உருக்கமாகப் பேசுகிறீர்கள். உறுப்பினர்கள் ஐவரும் கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள். அது திமிர் அல்ல. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை அவர்கள் விவாதிக்கக் கூடாது. நிரல் 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம். ஒரு விஷயத்தை உண்மையிலேயே பேசவைக்க வேண்டுமென்றால், அதை அடுத்த கூட்டத்தின் நிரலில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது

துண்டறிக்கைகளில் குறைவாகவும் போர்டு கூட்டங்களில் அதிகமாகவும் பேசப்படுவது பணம். ஒரு வேட்பாளருக்கு வேலை தெரியுமா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

1978இல் வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ராப் 13 என்ற சட்டம், சொத்து வரியை மதிப்பின் 1 சதவீதத்துக்குக் கட்டிப்போட்டது. வரிக்கான மதிப்பும் வீடு கைமாறும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதிலிருந்து, தேவைக்கு ஏற்ப உள்ளூர் வரியை ஏற்றிக்கொள்ளும் வழி போர்டுகளுக்கு அடைபட்டுவிட்டது. 2013 முதல் எல்.சி.எஃப்.எஃப். என்ற மாநிலச் சூத்திரம் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் எவ்வளவு தொகை சேர வேண்டும் என்று கணக்கிடுகிறது. வகுப்பு நிலைக்கு ஏற்ப ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளை, வளர்ப்பு இல்லத்துப் பிள்ளை என்றால் அந்தத் தொகையில் 20 சதவீதம் கூடுதல். இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டிய டிஸ்ட்ரிக்டில், அந்த வரம்புக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னும் 65 சதவீதம். உள்ளூர் சொத்து வரி போக மீதியை மாநிலம் நிரப்பும்.

தமிழ்ப் பெற்றோர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவத்தில் 'தமிழ்' என்று எழுதினால், பிள்ளைக்கு 30 நாளுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். "தமிழ் என்று எழுதாதே, பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. தேர்வை நன்றாக எழுதினால் விஷயம் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் பிள்ளைக்கு ஆங்கிலப் பயிற்சி தர வேண்டிய கடமை பள்ளிக்கு வருகிறது, டிஸ்ட்ரிக்டுக்கு அந்தப் பிள்ளையின் பெயரில் கூடுதல் நிதியும் வருகிறது.

சூத்திரத்தில் பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு: மாநிலம் எண்ணுவது சேர்ந்திருக்கும் பிள்ளைகளை அல்ல, தினமும் வரும் பிள்ளைகளின் சராசரியை. ஏ.டி.ஏ. என்று கூட்டத்தில் ஓயாமல் சொல்வது இதைத்தான். எளிய எண்களில் பார்ப்போம். 10,000 பிள்ளைகள் சேர்ந்திருக்கும் டிஸ்ட்ரிக்ட். ஒரு பிள்ளைக்கு 12,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருகை 95 சதவீதம் என்றால் 11 கோடியே 40 லட்சம் டாலர். வருகை 93 சதவீதமாக இறங்கினால் 24 லட்சம் டாலர் காலி. பள்ளியில் ஆசிரியர், விளக்கு, பேருந்து எதுவும் குறையவில்லை. பணம் மட்டும் குறைந்தது. டிசம்பரில் பள்ளி நாட்களையும் சேர்த்து மூன்று வாரம் சென்னைக்குப் போய்வரும் குடும்பங்களும் இந்தக் கணக்கில் இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லி 'இண்டிபெண்டென்ட் ஸ்டடி' ஒப்பந்தம் போட்டு, பிள்ளை அந்தப் பாடங்களை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கில் சேரும். ஆகவே "வருகையை எப்படி உயர்த்துவீர்கள்?" என்ற கேள்விக்கு உருப்படியான பதில் வைத்திருப்பவர், துண்டறிக்கையில் எழுதாவிட்டாலும், பட்ஜெட்டைப் படித்தவர்.

மாணவர் எண்ணிக்கை குறைந்தால் அடி உடனே விழாது. நடப்பாண்டு, முந்தைய ஆண்டு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி ஆகிய மூன்றில் எது அதிகமோ அதை வைத்துக் கணக்கிட 2022இல் வழி செய்யப்பட்டது. அதனால் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. திட்டமிட அவகாசம் கிடைக்கிறது. அதே அவகாசத்தில் "ஒன்றும் ஆகவில்லையே" என்று போர்டு கண்ணை மூடிக்கொள்ளவும் முடிகிறது.

சில டிஸ்ட்ரிக்டுகளுக்கு இந்தக் கணக்கே தலைகீழ். சொத்து வரி மட்டுமே மாநிலச் சூத்திரத் தொகையைத் தாண்டிவிட்டால், அந்த உபரியை டிஸ்ட்ரிக்டே வைத்துக்கொள்ளும். இதை 'பேசிக் எய்டு' என்பார்கள். பாலோ ஆல்டோ யூனிஃபைடும் மேலே சொன்ன ஃப்ரீமான்ட் யூனியனும் இந்த வகை. இங்கே புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் பணம் கூடாது. இருக்கும் பணம் இன்னொருவருக்கும் பங்காகும். "வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வருவாயைப் பெருக்குவோம்" என்று பேசிக் எய்டு டிஸ்ட்ரிக்டில் ஒருவர் பேசினால், அவர் பக்கத்து ஊர்த் துண்டறிக்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக

வகுப்பில் பிள்ளைகளைக் குறைப்பது. கிண்டர்கார்ட்டன் முதல் 3ஆம் வகுப்புவரை ஒவ்வொரு பள்ளியிலும் சராசரி 24 என்பது மாநில விதி. ஆசிரியர் சங்கத்துடன் வேறு எண்ணுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்த எண் செல்லும். மேல்வகுப்புகளில் வரம்பு பெரும்பாலும் சங்க ஒப்பந்தத்தில் இருக்கும். நமது கற்பனை டிஸ்ட்ரிக்டில் 4, 5ஆம் வகுப்புகளில் 1,500 பிள்ளைகள். வகுப்புக்கு 30 என்றால் 50 வகுப்பு, 25 என்றால் 60 வகுப்பு. கூடுதலாகப் பத்து ஆசிரியர்கள். சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 1,40,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 14 லட்சம் டாலர். பத்து வகுப்பறைகளும் வேண்டும். இரண்டே வகுப்பு நிலைகளில் ஐந்து பிள்ளைகளைக் குறைக்க ஆகும் செலவு இது, அதுவும் ஒவ்வோர் ஆண்டும். வேண்டாமென்று சொல்லவில்லை. எதை நிறுத்திவிட்டு இதைச் செய்வீர்கள் என்று வேட்பாளரிடம் கேளுங்கள்.

ஆசிரியர் சம்பளம். டிஸ்ட்ரிக்ட் செலவில் பெரும்பங்கு சம்பளமும் அதைச் சார்ந்த சலுகைகளும்தான். சம்பளம் ஒரு டாலர் கூடினால் ஆசிரியர் ஓய்வூதிய நிதியான கால்ஸ்டர்ஸுக்கு டிஸ்ட்ரிக்ட் 19.1 சென்ட் கட்ட வேண்டும். இன்னும் சில பிடித்தங்கள் சேரும். ஆசிரியர் சம்பளத்துக்கு 6 கோடி டாலர் செலவிடும் இடத்தில் 5 சதவீத உயர்வு என்றால், இவற்றோடு சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம் டாலர். ஹவுசிங் செலவு கழுத்தை நெரிக்கும் பே ஏரியாவில் உயர்வு தராவிட்டால் ஆசிரியர்கள் பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்குப் போய்விடுவார்கள் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே மூச்சில் சொல்லும் வேட்பாளர் அபூர்வம், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பல டிஸ்ட்ரிக்டுகள் சறுக்கிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை மட்டும் வரும் பணத்தில், ஆண்டுதோறும் தொடரும் செலவைத் தொடங்குவது. கோவிட் காலத்தில் வந்த ஃபெடரல் உதவியைச் செலவுக்கு ஒதுக்கக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. அந்தப் பணத்தில் ஆலோசகர்களையும் உதவி ஆசிரியர்களையும் நிரந்தரமாக எடுத்த இடங்களில், பணம் தீர்ந்ததும் ஆட்கள் இருந்தார்கள், சம்பளத்துக்கு வழி இல்லை. வேட்பாளர் "மானியம் வாங்கிச் செய்வோம்" என்றால், மானியம் முடியும் ஆண்டில் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுவிடுங்கள்.

பள்ளிகளை மூடுவது. இதில்தான் தேர்தல்கள் உண்மையில் திரும்புகின்றன. ஓக்லாந்தில் 2022 பிப்ரவரியில் போர்டு சில பள்ளிகளை மூடவும் இணைக்கவும் தீர்மானித்தது. அந்த நவம்பரில் புது உறுப்பினர்கள் வந்தார்கள். 2023 ஜனவரியில் ஐந்து பள்ளிகளை மூடும் முடிவு ரத்தானது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 2024 அக்டோபரில் பதின்மூன்று பள்ளிகளின் பட்டியல் வந்தது. பெற்றோர்கள் கொதித்தார்கள். அதே மாதத்தில் சூப்பரிண்டெண்டெண்ட் விலகினார், திட்டமும் நின்றது.

பள்ளியை மூடினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதில் இரு தரப்பும் மிகைப்படுத்துகிறார்கள். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்குப் போகும்போது ஆசிரியர்களும் பெரும்பாலும் கூடவே போகிறார்கள். மிச்சமாவது பிரின்சிபால், அலுவலகப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு. அரைகுறையாக நிரம்பிய வகுப்புகளைச் சேர்ப்பதால் சில ஆசிரியர் இடங்களும் குறையும். மூடிய கட்டடத்தைச் சும்மா போட்டுவைத்தால் காவலுக்குச் செலவு. விற்கவோ நீண்டகாலக் குத்தகைக்கு விடவோ நினைத்தால் ஏழு பேருக்குக் குறையாத, பதினொரு பேருக்கு மிகாத குழுவை அமைத்துப் பரிந்துரை வாங்க வேண்டும். '7-11 குழு' என்ற பெயர் அதனால்தான். "எந்தச் சூழலிலும் மூடமாட்டேன்" என்பவரும் "மூடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவரும் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. ஒரு தொடக்கப் பள்ளி நிலைக்கக் குறைந்தபட்சம் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு எண்ணைச் சொல்லத் துணிகிறாரா என்று பார்க்கலாம்.

கணிதம். நம்மவர்கள் அதிகம் கேட்பது, 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா உண்டா என்பதைத்தான். 8இல் அல்ஜீப்ரா முடித்தால் 12இல் கால்குலஸ் எடுக்க நேர்வழி; இல்லையென்றால் இடையில் எங்காவது ஒரு பாடத்தைத் தாவியோ இரண்டைச் சேர்த்தோ படிக்க வேண்டும். மாநிலம் வெளியிடும் கணிதப் பாடக் கட்டமைப்பு வெறும் வழிகாட்டிதான், கட்டளை அல்ல. எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்பதை டிஸ்ட்ரிக்டே தீர்மானிக்கலாம். சான்ஃபிரான்சிஸ்கோ 2014இல் நடுநிலைப் பள்ளியிலிருந்து அல்ஜீப்ராவை எடுத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2024இல், திரும்பக் கொண்டுவரப் போர்டு முடிவெடுத்தது. ஆகவே இது போர்டு தேர்தலில் தாராளமாகக் கேட்கக்கூடிய கேள்வி. 9ஆம் வகுப்பில் எந்தக் கணிதத்தில் சேர்ப்பது என்பதற்கு நியாயமான, வெளிப்படையான விதி இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. உங்கள் டிஸ்ட்ரிக்டின் விதியை வேட்பாளர் படித்திருக்கிறாரா என்று பாருங்கள். அல்ஜீப்ராவைக் கொண்டுவந்தால் போதாது. சொல்லித்தர நடுநிலைப் பள்ளியில் கணிதச் சான்றிதழ் உள்ள ஆசிரியர் வேண்டும். தயாராக இல்லாத பிள்ளைகளுக்கு வேறு வழியும் வேண்டும்.

செல்ஃபோன். மாநிலத்தின் எல்லா டிஸ்ட்ரிக்டுகளும் 2026 ஜூலை 1க்குள் செல்ஃபோன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அல்லது தடுக்கும் விதியை வகுத்தாக வேண்டும் என்று 2024இல் சட்டம் வந்துவிட்டது. எனவே "செல்ஃபோனுக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவேன்" என்பது வாக்குறுதியே அல்ல. வகுப்பு நேரத்துக்கு மட்டுமா, முதல் மணியிலிருந்து கடைசி மணிவரையா? ஃபோனைப் பூட்டிவைக்கும் உறை வாங்க யார் செலவு? மீறினால் ஆசிரியர் பிடுங்கி வைப்பாரா, அலுவலகம் பார்த்துக்கொள்ளுமா? விவாதம் இங்கேதான். பள்ளி தொடங்கும் நேரமும் இப்படித்தான்: நடுநிலைப் பள்ளி 8 மணிக்கு முன்னும் ஹை ஸ்கூல் 8:30க்கு முன்னும் தொடங்கக் கூடாது என்று 2022 முதல் மாநிலமே விதித்துவிட்டது. கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளுக்கு மட்டும் விலக்கு.

சிறப்புக் கல்வி. கற்றல் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை தருவதாக 1975இல் ஃபெடரல் அரசு ஏற்றது. அந்த அளவை ஒருமுறையும் எட்டியதில்லை. பற்றாக்குறையை டிஸ்ட்ரிக்ட் தன் பொதுநிதியிலிருந்து ஈடுகட்டுகிறது. "சிறப்புக் கல்விச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, கட்டுப்படுத்துவேன்" என்று சொல்லும் வேட்பாளர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஐ.ஈ.பி. என்ற, அந்தப் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்ட ஆவணத்தில் எழுதிய சேவையைப் போர்டு வெட்ட முடியாது, அது பிள்ளையின் சட்ட உரிமை. போர்டால் முடிவது வேறு. பேச்சுப் பயிற்சியாளரை ஏஜென்சி மூலம் மணிக்கணக்கில் எடுப்பதற்குப் பதில் சொந்த ஊழியராக வேலைக்கு வைப்பது, மதிப்பீடுகளைக் காலத்தில் முடித்து வழக்குச் செலவைத் தவிர்ப்பது. பெற்றோர் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடும் ஐ.ஈ.பி. கூட்டமும் நடக்க வேண்டும். இந்தக் கெடு எத்தனை முறை தவறுகிறது என்று கேட்கத் தெரிந்தவர் போர்டுக்கு வருவது நல்லது.

தமிழ் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பதை ஹை ஸ்கூல் அந்நிய மொழிப் பாடமாக ஏற்குமா, டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றுமா என்பது டிஸ்ட்ரிக்டின் விதியைப் பொறுத்தது. இருமொழித் தேர்ச்சிக்கு டிப்ளமாவில் முத்திரை தரும் திட்டத்தை 2011இல் கலிஃபோர்னியா சட்டமாக்கியது. அதில் சேர்வதும் டிஸ்ட்ரிக்டின் விருப்பம். செலவு அதிகம் இல்லாத, போர்டின் அதிகாரத்துக்கு முழுக்க உட்பட்ட விஷயம் இது. இதைக் கேட்காமல் விடுவானேன்?

பாண்டும் பார்சல் டாக்ஸும்

அதே சீட்டில் 'மெஷர்' என்று ஓர் ஆங்கில எழுத்தோடு பணம் திரட்டும் முன்மொழிவும் வரலாம்; அது பாண்டாகவோ பார்சல் டாக்ஸாகவோ இருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாண்டு என்பது கடன். 55 சதவீத ஓட்டு வேண்டும். கூரை, கழிவறை, சோதனைக்கூடம், மின்கம்பி போன்றவற்றுக்கு மட்டும். ஆசிரியர் சம்பளத்துக்கு ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. பொதுமக்கள் கண்காணிப்புக் குழு அமைப்பது கட்டாயம். "சம்பளத்துக்குப் பணம் இல்லை என்கிறார்கள், புதுக் கட்டடம் மட்டும் கட்டுகிறார்களே?" என்ற கோபத்துக்கு விடை இதுதான், இரண்டும் வேறு வேறு உண்டியல். பார்சல் டாக்ஸ் என்பது மனைக்கு இவ்வளவு என்ற நேரடி வரி. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். சம்பளத்துக்குப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் சில ஆண்டுகளில் காலாவதியாகும். பார்த்தோமே, 14 லட்சம் டாலர் வகுப்புச் செலவு, அதை 30,000 மனைகளில் பிரித்தால் மனைக்கு ஆண்டுக்குச் சுமார் 47 டாலர். இந்தக் கணக்கைப் போட்டு, "நான் பார்சல் டாக்ஸை ஆதரிக்கிறேன்" என்று தேர்தலுக்கு முன்பே சொல்லும் வேட்பாளர் ஓட்டை இழக்கலாம். ஆனால் அவர் சொல்வது முழுமையான வாக்குறுதி.

வேட்பாளரைச் சோதிக்கச் சில வழிகள்

பட்ஜெட்டின் நாட்காட்டியை வைத்துப் பேசவிட்டுப் பாருங்கள். ஜனவரி 10க்குள் ஆளுநரின் மாநில பட்ஜெட் வரைவு வரும். ஆட்குறைப்பு நோட்டீஸ் மார்ச் 15க்குள் போக வேண்டும், அப்படியென்றால் உண்மையான முடிவு பிப்ரவரியிலேயே எடுக்கப்படுகிறது. மே நடுவில் ஆளுநரின் திருத்தம், ஜூன் 30க்குள் டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட். டிசம்பரிலும் மார்ச்சிலும் இடைக்கால அறிக்கை. அதில் டிஸ்ட்ரிக்ட் தன்னைத்தானே பாசிட்டிவ், குவாலிஃபைட், நெகட்டிவ் என்று மூன்றில் ஒன்றாக அறிவிக்க வேண்டும். இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் கைவசம் பணம் இருக்குமா என்பதே அளவுகோல். 1,001 முதல் 30,000 வரை வருகை உள்ள டிஸ்ட்ரிக்ட் செலவில் 3 சதவீதத்தையாவது கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். உங்கள் டிஸ்ட்ரிக்டின் கடைசி அறிக்கை எந்த வகை என்று வேட்பாளரிடம் கேளுங்கள். பதவியில் இருப்பவருக்கே தெரியாமல் போவதுண்டு.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லாந்து பாடம். 2003இல் பணம் தீர்ந்து, மாநிலத்திடம் 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் வாங்கியது. மாநிலம் அனுப்பிய நிர்வாகி எல்லா முடிவையும் எடுத்தார், போர்டு பல ஆண்டுகள் ஆலோசனைக் குழுவாகச் சுருங்கியது. கடனைக் கட்டி முடிக்க 2025 ஆனது.

ஆதரவுப் பட்டியலைப் படிக்கும்போது, ஆசிரியர் சங்கம் யாரை ஆதரிக்கிறது என்பது முக்கியமான தகவல், ஆனால் பாராட்டுப் பத்திரமும் அல்ல, குற்றப்பத்திரிகையும் அல்ல. அந்தச் சங்கத்துடன்தான் போர்டு சம்பளம் பேசப்போகிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். தேர்தல் செலவுக் கணக்கில், 2,000 டாலருக்குக் குறைவாகத் திரட்டிச் செலவழிப்பவர் 470ஆம் படிவம் கொடுத்தால் போதும். அதைத் தாண்டினால் 460ஆம் படிவத்தில் யார் எவ்வளவு தந்தார்கள் என்று வரும். கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் பார்க்கலாம். வாக்காளர் கையேட்டில் ஒருவரின் அறிக்கை இல்லை என்பதற்காக அவரை ஒதுக்கிவிட வேண்டாம். அதை அச்சிடப் பல கவுண்டிகளில் வேட்பாளர்தான் பணம் கட்ட வேண்டும்.

பதவியில் இருப்பவர் மீண்டும் நின்றால் வேலை சுலபம். கூட்டப் பதிவுகளில் 'கன்சென்ட் கேலண்டர்' என்ற பகுதியைப் பாருங்கள். பெரிய தொகைக்கான ஒப்பந்தங்கள்கூட ஒரே ஓட்டில் மொத்தமாக நிறைவேறும் இடம் அது. நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது ஒரு ஒப்பந்தத்தை வெளியே எடுத்துக் கேள்வி கேட்டாரா?

ஓட்டு இல்லாதவர்கள்

எச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக ஓட்டு இல்லை. டி.எம்.வி.யில் லைசென்ஸ் எடுக்கும்போது குடியுரிமைக் கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லி வாக்காளராகப் பதிவாகிவிட்டால் பின்னால் குடியேற்றச் சிக்கல் வரும். சான்ஃபிரான்சிஸ்கோ மட்டும் 2016இல் நிறைவேற்றிய விதியால், அங்கே வசித்து 19 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு ஓட்டுப் போடலாம். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதற்குத் தனிப் பதிவுப் படிவம் உண்டு. அந்தத் தகவல் குடியேற்றத் துறைக்குப் போகக்கூடும் என்று நகரத் தேர்தல் துறையே எச்சரிக்கிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மற்ற ஊர்களில், பெற்றோரும் ஊழியர்களும் சேர்ந்த குழுவான பள்ளியின் சைட் கவுன்சிலில் பெற்றோர் இடத்துக்கு நிற்கலாம், குடியுரிமை தேவையில்லை. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 21 பேரோ அதற்கு மேலோ உள்ள பள்ளியில் அவர்களின் பெற்றோருக்கு ஈலாக் என்ற குழுவும், டிஸ்ட்ரிக்ட் அளவில் 51 பேரோ அதற்கு மேலோ இருந்தால் டீலாக் என்ற குழுவும் இருக்க வேண்டும். எல்கேப் என்ற மூன்றாண்டுத் திட்டம் போர்டுக்குப் போகுமுன் பெற்றோர் ஆலோசனைக் குழுவுக்கும் டீலாக்குக்கும் காட்டப்பட வேண்டும். அந்தக் குழுக்கள் தரும் கருத்துக்கு சூப்பரிண்டெண்டெண்ட் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.